புதுப்பிப்பு: ஹட்டன் வீட்டு ஈரமும் மிக்ஸி பிளக்கும்

கோயம்புத்தூரிலிருந்து இலங்கை மலையகத்து ஹட்டனுக்குக் குடிவந்தபின், துணி காய்வதில்லை, அலமாரியில் பூஞ்சணம், மிக்ஸியை எதில் மாட்டுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது பக்கத்து ஊரான டிக்கோயாவிலிருந்து ஒரு நண்பர் சொன்னதுதான்: அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தோம், பூஞ்சணம் திரும்ப வரவில்லை. கரித்துண்டு வைத்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. துணிக்கு அடுப்படியில் கொடி கட்டியாச்சு. புகை வாசனை வரும்தான், ஆனால் இங்கே யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

மே மாதம் நல்ல வெயில் இருக்குமே என்று பண்டாரவளையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஊருக்கு அது சரி. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கச் சரிவில் கொட்டும். மலையின் கிழக்கே இருக்கிற பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில்தான் பெருமழை. வீடு பார்ப்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது பிளக். வீடு பழையது, வட்டத் துளை சாக்கெட். மின்னழுத்தமும் ஊரில் போல 230 வோல்ட். மிக்ஸி நேராகப் பொருந்திவிட்டது. இங்கே வாங்கிய கெட்டில்தான் சதுர முள்! அடாப்டர் சூடானதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அதற்குத் தனியாக 13 ஆம்பியர் சாக்கெட் போட்டுவிட்டோம்.