நாகஷிமா ஸ்டீல் டிராகன்: மகளோடு நானும் ஏறலாமா?

செங்காங் அம்மா:
வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு ஜப்பானின் நகோயாவுக்குப் போகிறோம். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிந்ததற்கு என்ன வேண்டும் என்று மகளைக் கேட்டேன். கைப்பேசி கேட்பாள் என்று பார்த்தால், அங்கே நாகஷிமா ஸ்பா லேண்ட் கேளிக்கைப் பூங்காவில் ஸ்டீல் டிராகன் 2000 ரோலர் கோஸ்டரில் ஏற வேண்டுமாம். அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டுமாம். அவள் இங்கே செந்தோசா யூனிவர்சல் ஸ்டூடியோஸில் சிவப்பு, நீலம் என்று இருக்கும் இரண்டு ரோலர் கோஸ்டரிலும் ஏறியவள். நான் எதிலும் ஏறியதில்லை. கணவருக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதால் அவர் வர முடியாது. எனக்கு 43 வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை எதுவும் இல்லை. உயரம் 97 மீட்டர் என்று படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை. 2003ல் சக்கரம் கழன்ற கதையையும் படித்துவிட்டேன். ஏறியவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிள்ளையிடம் சரி என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் பின்வாங்க எனக்கு மனம் இல்லை.

பொங்கோல் ரவி:
முதலில் மகளின் உயரத்தை அளந்து பாருங்கள். செந்தோசாவில் 125 செ.மீ. போதும், அங்கே 140 வேண்டும். இன்னொன்று, கடலோரம் என்பதால் காற்று பலமாக வீசினால் ஓட்டமாட்டார்கள். பயணத்தின் கடைசி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஈசூன் மல்லிகா:
அக்கா, கட்டாயம் ஏறுங்கள். இவ்வளவு ஆசையாக ஒரு பிள்ளை கூப்பிடுகிறாளே!

உயரம் கூடினால் உடம்பு படும் பாடும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செந்தோசாவின் நீலத்தில் கால்கள் அந்தரத்தில் தொங்கும், ஐந்து தடவை தலைகீழாகப் புரட்டும், கழுத்து அலைக்கழியும். டிராகனில் ஒரு தலைகீழ்ச் சுற்றுகூடக் கிடையாது. ஏற்றம், இறக்கம், வளைவு, அப்புறம் வரிசையாக மேடுகள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நீலத்தைவிட டிராகன்தான் உடம்புக்குச் சாது. மனசுக்குத்தான் கஷ்டம், அதுவும் ஏறும்போது மட்டும்.

அந்த ஏற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன். செந்தோசாவில் இருப்பது 42.5 மீட்டர், நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்கில் ஏறக்குறைய 15 மாடி. டிராகன் 34 மாடிக்கும் மேல். பாதி ஏறியதும் கீழே இருக்கிற கூட்டத்தின் சத்தம் அடங்கிவிடும், காற்று மட்டும்தான் கேட்கும். ஒரு பக்கம் இசே விரிகுடா, இன்னொரு பக்கம் ஆறுகள் கடலில் சேரும் இடம், மேற்கே சுசுகா மலைகள். "போதும், இறக்கிவிடுங்கள்" என்று தோன்றுவது அங்கேதான். அப்போது மகளோடு பேச்சுக் கொடுங்கள். நான் என் தங்கையிடம் இரவு எங்கே சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டே உச்சிக்குப் போய்விட்டேன்.

முதல் இறக்கம் 93.5 மீட்டர், வேகம் மணிக்கு 153 கி.மீ. நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பே 90தான். கண்ணில் நீர் வழியும், குளிரில் கன்னம் மரத்துப்போகும், அடிவாரத்தில் உடம்பு இருக்கையோடு அழுந்தும். அதற்குப் பிறகு வரும் மேடுகளுக்காகத்தான் நான் உயிரை விடுகிறேன்! மேட்டின் உச்சியில் வண்டி கீழ்நோக்கி வளையும்போது உடம்பு இன்னும் மேலே போகப் பார்க்கும். இருக்கை நம்மைத் தாங்குவது அந்தக் கணம் விட்டுப்போகும். வயிற்றில் குபீரென்று வருவது அதனால்தான். மூச்சை அடக்காமல் வாய்விட்டுக் கத்துங்கள். கத்தினால் மூச்சு தானாக வெளியேறும், இறுகிய வயிறும் இளகும். மொத்தப் பாதை 2,479 மீட்டர், அதனால் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு, ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுங்கள். கொண்டை போடாதீர்கள், தலையைப் பின்னால் சாய்க்க விடாது. தாழப் பின்னி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டால் போதும்.

போவதற்கு முன்னால் செந்தோசாவில் சிவப்பில் மட்டும் ஏறிப் பாருங்கள், அதுவும் நடு வரிசையில். அதில் தலைகீழ் கிடையாது, வேகம் 90. காலையிலேயே போய்விடுங்கள். இந்த மழைக்காலத்தில் பிற்பகலில் இடி மின்னல் வந்தால் வெளியில் ஓடும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள்.

ஜூரோங் பழனி:
மின்தூக்கிப் பராமரிப்பில் வேலை பார்த்தவன் நான், அதனால் சக்கர விஷயத்தைத் தேடிப் படித்திருக்கிறேன். நடந்தது உண்மைதான். 2003 ஆகஸ்டில் ஒரு வண்டியின் சக்கரம் கழன்று, பக்கத்து நீச்சல் குளத்தில் இருந்த ஒருவருக்கு அடிபட்டது. அதன் பிறகு 2006 வரை ஓட்டவில்லை. 2013ல் வண்டிகளையே மாற்றிவிட்டார்கள். இப்போது ஓடுபவை சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபில்லார்ட் நிறுவனம் செய்தவை.

இந்த மாதிரி வண்டியில் சக்கரங்கள் மூன்று வகை. ஒன்று தண்டவாளத்தின் மேலே ஓடும், ஒன்று பக்கவாட்டில் அணைக்கும், மற்றது அடியிலிருந்து பிடிக்கும். மல்லிகா சொன்ன மேடுகளில் வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பாமல் இருப்பது அந்த அடிச்சக்கரத்தால்தான். நிலநடுக்கம் வரும் நாடு என்பதால் தாங்குதூண்களுக்கும் வழக்கத்தைவிட அதிக எஃகு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தைரியமாகப் போய் வாருங்கள் தங்கச்சி.

செங்காங் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மகள் 148 செ.மீ. இருக்கிறாள், அளந்துவிட்டோம். வரும் சனிக்கிழமை காலையில் செந்தோசா. மல்லிகா, நகோயாவிலிருந்து ரயிலா, பேருந்தா?

ஈசூன் மல்லிகா:
பேருந்துதான் அக்கா. மெய்டெட்சு பேருந்து நிலையத்திலிருந்து நேராகப் போகிறது, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். கிளம்பும் முன் அன்றைக்கு டிராகன் ஓடுகிறதா என்று அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பில் ஏறியதும் எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், காத்திருப்பேன்.