பில் ஐவி வழக்கு: சீட்டைத் தொடாமலே ஏமாற்றியதாக எப்படி ஆனது?

கேள்வி: 2012ல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கேசினோவில் போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவி ஜெயித்தது சுமார் 77 லட்சம் பவுண்ட். அவர் கட்டிய பணத்தை மட்டும் கேசினோ திருப்பித் தந்தது. அவர் சீட்டைத் தொடக்கூட இல்லையே, அப்புறம் என்ன குற்றம்? 'எட்ஜ் சார்ட்டிங்' எப்படி நடக்கும்?

கடைசிமேசை: முதலில், அது போக்கர் இல்லை, பக்காரா என்ற சீட்டாட்டத்தின் ஒரு வகையான புன்டோ பாங்கோ. சீட்டின் முதுகு டிசைன் வெட்டும்போது கொஞ்சம் நகர்ந்துவிட்டால் ஒரு நீள ஓரத்தில் முழுப்பூவும் எதிர் ஓரத்தில் அரைப்பூவும் வரும். ஐவியுடன் வந்த செங் யின் சன், நல்ல சீட்டுகளான 7, 8, 9 திறக்கும்போதெல்லாம் "ராசிக்காக" தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொல்வார். டீலரும் திருப்புவார். ஒரு ஷூ (சீட்டு எடுத்துத் தரும் பெட்டி) முடிவதற்குள் நல்ல சீட்டெல்லாம் ஒரு பக்கம் பார்க்கும்.

அடுத்த ஷூவில்தான் அறுவடை. ஆட்டத்தில் பிளேயர், பேங்கர் என்று இரண்டு கை; முதல் சீட்டு பிளேயர் கைக்குப் போகும். அதன் ஓரம் பந்தயத்துக்கு முன்பே ஷூ வாயில் தெரியும். நல்ல ஓரமானால் பிளேயர் கைமேல் பந்தயம், இல்லையென்றால் பேங்கர் கைமேல். சாதாரணமாக கேசினோவுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் லாபம். பிசகாமல் ஆடினால் அது ஆடுபவருக்கு 6.5 சதவீதமாகப் புரளும்.

கையால் கலைத்தால் பாதிக் கட்டு திரும்பிப்போய் எல்லாம் பாழ். அதனால்தான் மெஷின் கலைப்பும் அதே சீட்டும் வேண்டும் என்று கேட்டார்கள். சீட்டை மாற்றப்போவதாகச் சொன்னதும் ஐவி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

சட்டக்குறிப்பு: தொடவில்லை என்பது எடுபடவில்லை. விவரம் தெரியாத டீலரைக் கருவியாக்கிச் சீட்டுக்கட்டை அடுக்க வைத்தார் என்றது பிரிட்டன் உச்ச நீதிமன்றம் (2017 அக்டோபர்). ஐவி தான் ஏமாற்றவில்லை என்று உண்மையாகவே நம்பினார் என்பதை நீதிபதிகள் ஏற்றார்கள். ஆனால் ஏமாற்றுக்கு அந்த நம்பிக்கை அளவுகோல் இல்லை. நேர்மையின்மைக்கான பழைய கோஷ் சோதனையின் இரண்டாம் பாதியே (தான் செய்வது நேர்மையற்றது என்று அந்த ஆளுக்கே தெரிந்ததா என்ற கேள்வி) இந்த வழக்கில் கைவிடப்பட்டது. கிரிமினல் வக்கீல்களுக்கு இதுதான் பெரிய செய்தி.

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள போர்கட்டா கேசினோ ஐவி மீது போட்ட வழக்கில் காரணம் வேறு. அங்கே மோசடிக் குற்றச்சாட்டு தள்ளுபடி. சீட்டை "குறியிட்டதாக"க் கருதி, ஒப்பந்த மீறலுக்காக 2016ல் 1.01 கோடி டாலர் திருப்பித்தரச் சொன்னார்கள். 2020ல் சமரசம்.

நதிச்சீட்டு: போக்கர் கணக்கு தனி. 2014ல் ஐவிக்கு 10வது உலகப் போக்கர் தொடர் பிரேஸ்லெட் (ஒரு போட்டியை ஜெயித்தால் தரும் பரிசு), 2024ல் 11வது. இன்னொரு போக்கர் ஆட்டக்காரரான பில் ஹெல்முத்தின் 17க்குப் பின்னால்தான், ஆனால் பல ஆண்டுகள் தொடருக்கே சரியாக வராதவர். நடுவில் போர்கட்டா அவரது 2019 தொடர் பரிசுப்பணத்தையும் பறிமுதல் செய்யப் பார்த்தது.