மியூசிக் லைப்ரரி: நூலகமா, பேரேடா?

வணக்கம்.

> "இசை நூலகம்" என்று எல்லாரும் எழுதுகிறோமே, புதுச்சொல் எதற்கு?

பாட்டு மென்பொருளில் வரும் "மியூசிக் லைப்ரரி"யைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸ் அண்ணன் இப்படிக் கேட்டது நியாயம்தான். போன மாதம்வரை நானும் அப்படித்தான் எழுதினேன். அப்புறம் பழைய கணினியிலிருந்து புதியதற்குப் பாட்டுகளை மாற்றப் போய்ப் புத்தி வந்தது.

தாத்தாவின் பஜனைக் குழு பாடிய புரட்டாசிப் பாட்டுகள், கேசட்டிலிருந்து நானே ஒவ்வொன்றாக எம்பி3 ஆக்கியவை, அவற்றோடு தென்னாப்பிரிக்க இந்தியர் வானொலியான லோட்டஸ் எஃப்எம்மிலிருந்து அப்பா பதிந்து வைத்தவை. என்னிடம் இருந்த மென்பொருளில் "லைப்ரரி" என்று ஒரே ஒரு கோப்பு. அதைப் பென் டிரைவில் கொண்டுவந்து புதுக் கணினியில் வைத்துத் திறந்தால் எல்லாத் தலைப்பும் வரிசையாக நிற்கின்றன, நான் போட்ட நட்சத்திரம், எத்தனை தடவை கேட்டேன் என்ற கணக்கு உட்பட. சரி, நூலகம் வந்து சேர்ந்தது என்று பழைய வன்தட்டை அழிக்க உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி ஒரு பாட்டுப் போடச் சொன்னதால் தப்பித்தேன். ஒன்றும் பாடவில்லை. எல்லாத் தலைப்புக்கும் பக்கத்தில் ஆச்சரியக்குறி.

அந்தக் கோப்பில் பாட்டே கிடையாது, "டி டிரைவில் இன்ன ஃபோல்டரில் இன்ன கோப்பு" என்ற விலாசம்தான் இருக்கிறது. புதுக் கணினியில் டி டிரைவே இல்லை. நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்கா வந்த கப்பல் பட்டியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: எண், பேர், தகப்பன் பேர், ஊர் எல்லாம் அதில் உண்டு, ஆள் இல்லை.

ஆகவே நமக்கு வேண்டியது ஒரு சொல் இல்லை, இரண்டு. பாட்டுக் கோப்புகள் கிடக்கும் இடம் ஒன்று, அவற்றைப் பற்றிய கணக்கு இன்னொன்று. நூலகம் என்ற சொல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது, நான் ஏமாந்தது அங்கேதான்.

> இசையகம்?

அதுவும் இடத்தைத்தான் சொல்கிறது. போதாக்குறைக்கு, வயலின் விற்கிற கடை என்று நினைப்பார்கள்.

கணக்குக்கு நான் முதலில் "பாட்டேடு" என்றேன். கோயிலில் கையால் எழுதி வைத்திருக்கும் பாட்டு நோட்டைத்தான் அவர்கள் வீட்டில் அப்படிச் சொல்வார்கள் என்று ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா அக்கா எழுதியிருந்தார். ஒப்புக்கொள்கிறேன், அதில் பாட்டே இருக்கும். எனவே பேரேடு. கடைக்காரர்களிடம் ஏற்கெனவே உள்ள சொல், கூடவே கிடங்கு. சரக்கு கிடங்கில், கணக்கு பேரேட்டில். கிடங்கு எரிவதும் பேரேடு தொலைவதும் வேறு வேறு நஷ்டம் என்று எந்தக் கடைக்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "பேரேட்டைத் திற", "பேரேட்டில் இல்லாத கோப்புகளைச் சேர்", "கிடங்கை இடம் மாற்று". பட்டனிலும் அடங்குகிறது. களஞ்சியம் அழகான சொல்தான், ஆனால் நிரல்களைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு (ரெப்பாசிட்டரி) நிரலாளர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

பேரேடு என்பதில் பேர் இருப்பதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கவனியுங்கள். "கோவிந்தா" என்பதில் உள்ள ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ஆப்பிளின் மேக் கணினிகளில் இருந்த பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும், விண்டோஸ் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். பேரேட்டில் ஒரு வகை, கிடங்கில் இன்னொரு வகை என்றானால், கணினி அவற்றை வேறு வேறு பேராக எடுத்துக்கொண்டு ஆச்சரியக்குறி வரலாம். கவுண்டர் என்ற பேர் இங்கே கோவெண்டர் ஆனது கண்ணுக்காவது தெரிகிறது. இது அதுவும் தெரியாது.

இரண்டாம் முறை கிடங்கு, பேரேடு இரண்டையும் நகலெடுத்தேன். பாதியில் மின்வெட்டு. கடைசியாக நின்ற கோப்பு பெயரளவில் இருந்தது, பாட்டு நடுவிலேயே அறுந்தது. அதனால் கோப்புகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள், இரு பக்கமும் ஷா-256 சரிபார்ப்புத் தொகையை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண், உள்ளே சிறிது மாறினாலும் மாறிவிடும்) எடுத்து ஒப்பிடுங்கள். அதுவரை பழைய தட்டைத் தொடவேண்டாம். பேரேட்டில் விலாசம் திருத்துவது எளிது: புதுக் கணினியிலும் அதே டிரைவ் எழுத்து, அதே ஃபோல்டர் பெயர் வைத்தால் திருத்தவே வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன், தாத்தா பாடுகிறார்.

மிச்சம் ஒன்று. பேரேட்டில் பேர் இருந்து கிடங்கில் கோப்பு இல்லாத அந்த ஆச்சரியக்குறிப் பதிவை என்னவென்று சொல்வது? அனாதைப் பதிவு என்று ஒருவர் எழுதினார், எனக்குப் பிடிக்கவில்லை. "ஆளில்லாப் பேர்" என்று வைக்கலாமா? அக்கா என்ன சொல்கிறீர்கள்?