பெரியப்பா மணிவிழா: நிகழ்ச்சி நிரல்

கீதா அத்தை: நிலா வயலின்ல வாசிக்கறதுக்கு நிரல்ல என்ன போடறது? 6 மணிக்குள்ள அச்சுக்குக் குடுக்கணும்

ரவி மாமா: ஹோ-டவுன். இசை அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்ட்

சேகர் சித்தப்பா: மாமா, மெட்டு அவர் போட்டதில்ல. 'ரோடியோ' பாலேக்கு 1942ல எடுத்துக்கிட்டார். மூலம் 'போனபார்ட்ஸ் ரிட்ரீட்', அதாவது 'நெப்போலியன் பின்வாங்கல்'ங்கற நாட்டுப்புற மெட்டு. அமெரிக்காவுல கென்டக்கி மாநிலத்துல ஸேலியர்ஸ்வில்ங்கற ஊர்ல நாட்டுப்புற ஃபிடில்காரர் பில் ஸ்டெப் வாசிச்சது. 1937ல நாட்டுப்புறப் பாட்டு சேகரிச்ச ஆலன் லோமாக்ஸும் அவர் மனைவி எலிசபெத்தும் அமெரிக்க அரசோட காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிவு பண்ணாங்க. ரூத் க்ராஃபோர்டு சீகர் அதைக் கேட்டு எழுதின நொட்டேஷன் 1941ல புத்தகமா வந்துச்சு. கோப்லண்ட் எடுத்தது அதுலேர்ந்து

ரவி மாமா: ஆரம்பிச்சுட்டான்

மீனா: சமையல்காரர் கேக்கறார், வத்தக்குழம்பா மோர்க்குழம்பா?

பெரியம்மா: மோர்

ரவி மாமா: வத்த

சேகர் சித்தப்பா: மத்த ஃபிடில்காரங்க அதை மெதுவா, பட்டாளம் பின்வாங்கற நடையில வாசிப்பாங்க. ஸ்டெப்தான் ஆட்டத்துக்கு ஏத்த மாதிரி வேகமாக்கினார். கோப்லண்ட்ல கேக்கற அந்த ஓட்டம் ஸ்டெப் கைதான்

கவிதா அத்தை: அண்ணா, நிலா ஸ்டெப் மாதிரியே ஸ்ருதி மாத்தி வாசிக்கணும்ங்கறா

சேகர் சித்தப்பா: வழக்கமான ஜி-டி-ஏ-ஈக்குப் பதிலா டி-டி-ஏ-டி. ஜி தந்திய 5 அரைஸ்வரம் இறக்கி டி. ஈ தந்திய 2 இறக்கி டி. நம்ம கணக்குல ஸ-ஸ-ப-ஸ. அடித்தந்தி தம்பூரா மாதிரி கூடவே ஓடும். ஆனா அது தொளதொளன்னு ஆயிடும், வில்லை அழுத்தினா சடசடங்கும். லேசா இழுக்கச் சொல்லு. மேடையில இறக்காதீங்க, இழுப்பு கொறஞ்சதும் மத்த தந்தி ஸ்ருதி ஏறும். முந்தின நாளே இறக்கி வெச்சு ரெண்டு மூணு தடவை சரி பாக்கணும்

கீதா அத்தை: அதே வயலின்ல தானே பாலு மாமா முன்னாடி கச்சேரி பண்றார்?

கவிதா அத்தை: ஆமா 🙈

சேகர் சித்தப்பா: அவருக்கு ஸ-ப-ஸ-ப. நடுவுல மாத்தினா நிக்காது. ரெண்டாவது வயலின் வேணும்

பெரியம்மா: மாமனாரோடது மாடியில சும்மாதானே கெடக்கு

ரவி மாமா: அது யாருக்குன்னு இன்னும் பேசி முடியல

மீனா: மாமா 🙏

சேகர் சித்தப்பா: அதுல பிருடை, தந்திய முறுக்கற ஆணி, வழுக்கும். சாக்பீஸ் பொடி தடவிப் பாக்கணும். முதல்ல யாராவது வயலினை மாடியிலேர்ந்து எறக்குங்க

கீதா அத்தை: மணி 5:40. ஸ்டெப் பேர் போடவா?

ரவி மாமா: கோப்லண்டையும் போடு

கீதா அத்தை: ஒரு வரிதான் இடம் இருக்கு

மீனா: அப்ப மோர்க்குழம்புன்னு சொல்லிடவா?