மெங்ஸ் வீட்டுப் பெண்கள் எண்ணெய் வண்ணத்தில் ஏன் பெயர் எடுக்கவில்லை?

வண்ணத்தூள்:
டிரெஸ்டனில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாகச் சாயங்காலங்களில் பேஸ்டல் (வண்ணத்தூளைக் குச்சியாக்கி வரைவது) வரைகிறேன். போன ஞாயிறு ஸ்விங்கர் அருங்காட்சியகம் போனேன். லியோத்தாரின் ‘சாக்லேட் பெண்’ என்ற பேஸ்டல் படத்தின் முன்னால்தான் கூட்டம். நான் தேடிப் போனது தெரேசா கொன்கோர்டியா மெங்ஸ் 1745 வாக்கில் பேஸ்டலில் வரைந்த தன் உருவப்படத்தை. அப்போது அவருக்கு இருபது வயதுதான். இருபது வயதில் அந்தக் கை! கால் வலிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

அவரும் சகோதரி யூலியாவும் பேஸ்டல், மினியேச்சர் (மிகச் சிறிய உருவப்படம்) இரண்டில்தான் பெயர் எடுத்தார்கள். நூரன்பெர்க்கில் மரியா சிபில்லா மேரியானும் பார்பரா ரெகினா டீட்ஷும் பூக்களைப் பெரும்பாலும் தோல்தாளில் (பதப்படுத்திய விலங்குத் தோல்) நீர்வண்ணத்தில்தான் வரைந்தார்கள். ஏன் இப்படி? எண்ணெய் வண்ணம் சொல்லிக் கொடுக்கவில்லையா, அல்லது விடவில்லையா? ஒரு குறிப்பில் தெரேசாவை ‘ஓவியர் மெங்ஸின் தங்கை’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

பழைய சட்டகம்:
முதலில் ஒரு திருத்தம். தங்கை இல்லை, அக்கா. தெரேசா பிறந்தது 1725, அந்த ‘ஓவியர் மெங்ஸ்’ ஆன தம்பி அன்டன் ரஃபேல் 1728. ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் தமிழில் எழுதுபவர்கள் புகழ் பெற்றவரை மூத்தவராக்கி விடுகிறார்கள்.

அப்பா இஸ்மாயேல் மெங்ஸ் டிரெஸ்டன் அரண்மனை ஓவியர். அவர் கைத்தொழிலே மினியேச்சரும் எனாமலும்தான் (உலோகத்தில் வண்ணத்தைச் சுட்டுப் பதிப்பது). பிள்ளைகளைக் கடுமையாகப் பழக்கினார், 1741இல் ரோமுக்கும் அழைத்துப் போனார். ஆக, பெண்களுக்கு வந்தது வீட்டுத் தொழில். வெளியே போய்க் கற்க வழி இல்லை. அந்தக் காலத்தில் கலைக்கழகங்களில் ஆடையற்ற ஆண் உடலைப் பார்த்து வரையும் வகுப்பில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். அது இல்லாமல் பெரிய வரலாற்றுப் படம் எழுத முடியாது. முகமும் பூவும்தான் மிச்சம்.

ஆனால் மினியேச்சருக்காகத் தந்தத் தகட்டில் வரைவதைச் சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். தகட்டின் வழவழப்பில் நீர்வண்ணம் வழுக்கி ஓடும். முதலில் பியூமிஸ் (நுரைக்கல்) தூளால் தேய்த்துப் பிசுக்கை எடுக்க வேண்டும். அப்புறம் மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். கன்னத்தில் வண்ணத்தை ஏறக்குறைய விட்டுவிடுவார்கள், தந்தமே உள்ளிருந்து தோலாக ஒளிரும். சிலர் பின்னால் வெள்ளித் தகடு வைத்து அந்த ஒளியைக் கூட்டினார்கள். ஒரு புள்ளி கனத்துவிட்டால் முகமே அழுக்காகிவிடும்.

பெக்னிட்ஸ் கரை:
நூரன்பெர்க் கதை வேறு. அங்கே ஓவியர் கூட்டமைப்பின் விதிப்படி எண்ணெய் வண்ணத்தில் வரைந்து விற்பது ஆண்களுக்கு மட்டும். நீர்வண்ணமும் கூழ்வண்ணமும் (கெட்டியான, ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) பெண்களுக்குத் திறந்திருந்தன. மேரியான் அந்த இடைவெளியில்தான் பிழைப்பை அமைத்துக்கொண்டார். வசதியான வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார், வண்ணங்கள் விற்றார், 1675இல் முதல் பூப் புத்தகத்தை வெளியிட்டார்.

டீட்ஷ் (1706–1783) எனக்கு இன்னும் நெருக்கம். பின்னணி முழுக்கக் கரும்பழுப்பு. அதன்மேல் ஒரே ஒரு செடி, பக்கத்தில் ஒரு பூச்சி. இருட்டில் விளக்கு வைத்தது போல் இதழ் தெரியும்.

பெர்லின்வாசி:
நண்பர்களே, ‘விடவில்லை’ என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. பெர்லினில் அன்னா டொரோதேயா தெர்புஷ் எண்ணெயில்தானே வரைந்தார்? விடுதிக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு பல வருடம் ஒதுங்கியிருந்தார். நாற்பது வயது வாக்கில் ஸ்டுட்கார்ட் அரண்மனைக்குப் போனார், 1767இல் பாரிஸ் கலைக்கழகத்தில் உறுப்பினரானார். ஒற்றைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கும் அவர் தன்னுருவம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அவரும் ஓவியர் மகள்தான். அந்த இடத்தில் ‘பழைய சட்டகம்’ சொன்னது சரி.

வண்ணத்தூள்:
எல்லோருக்கும் நன்றி. ‘அக்கா’ என்று படித்ததும் அந்தப் படமே எனக்கு வேறாகிவிட்டது. தெரேசா பிறகு ரோமில் அன்டன் ஃபோன் மாரோன் என்ற ஓவியரை மணந்து 1806 வரை அங்கேயே வாழ்ந்திருக்கிறார். அபொலோனியா ஸைடல்மானுக்கு மினியேச்சர் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். தகப்பன் வீட்டில் தொடங்கிய பாடம், இந்த முறை ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போயிருக்கிறது. அதை நினைத்தால் அவ்வளவு சந்தோஷம்.

இன்னொரு சந்தேகம். சாக்லேட் பெண் தோல்தாளில் வரைந்தது. நானும் ஒரு துண்டு வாங்கி முயன்றேன். விரலால் தேய்த்த தூள் பாதி என் மடியில்தான் விழுந்தது. தந்தத்துக்குச் சொன்ன மாதிரி இதையும் பியூமிஸால் தேய்த்து முதலில் சொரசொரப்பாக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.