எங்கள் வயலுக்கு யாரும் வந்து அளந்ததே இல்லை, அப்புறம் நெல் விளைச்சல் கணக்கு எங்கிருந்து வருகிறது?

வட்டைக்காரி கேட்டது:

மட்டக்களப்பு படுவான்கரையில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் வயல் இருக்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர், மாரியில் பெரும்போகம், கோடையில் சிறுபோகம் என்று இரண்டு போகமும் செய்கிறோம். எனக்கு விபரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வயலில் அரசாங்கத்து ஆள் ஒருவரும் இறங்கி அளந்ததில்லை. ஆனால் 2021இல் நாட்டில் சுமார் 51 இலட்சம் தொன் நெல் விளைந்தது, 2022இல் சுமார் 34 இலட்சமாக விழுந்தது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். இதை யார் எண்ணினார்கள்? அப்பாவிடம் கேட்டால் "கந்தோரில இருந்து எழுதுறானுகள்" என்கிறார், அதாவது வயலுக்கு வராமல் அலுவலகத்தில் இருந்தே எழுதுகிறார்களாம். உண்மையிலேயே அப்படித்தானா? இந்த வேலை செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

பழைய அளவுகாரன் எழுதியது:

மகள், நான் அந்த வேலையை இருபத்தெட்டு வருடம் செய்தவன். பிரதேச செயலகத்தில் புள்ளிவிபர உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி, பாதி பிழை. எது பாதி என்று சொல்கிறேன்.

நெல் உற்பத்தி என்பது இரண்டு எண்களின் பெருக்கம். ஒன்று பரப்பு, மற்றது சராசரி விளைச்சல். இரண்டும் வெவ்வேறு வழியில் வருகின்றன. பரப்பை ஒவ்வொரு போகத்திலும் கிராம மட்டத்தில் எழுதி மேலே அனுப்புகிறார்கள். எத்தனை ஏக்கர் விதைத்தது, எத்தனை அறுத்தது, எத்தனை அழிந்தது என்று முழுக் கணக்கு. விளைச்சலுக்கு மாதிரி எடுக்கிறோம். 1950களின் தொடக்கத்திலிருந்தே தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பயிர் வெட்டு ஆய்வு நடத்துகிறது. மாவட்டத்துக்குள் பெரிய நீர்ப்பாசனம், சிறிய நீர்ப்பாசனம், மானாவாரி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் கிராமங்களை எழுமாற்றாக எடுத்து, அந்தக் கிராமத்தில் வயல்களை எடுத்து, வயலுக்குள்ளே ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி நிறுப்போம். உங்கள் வயல் ஒரு தரமும் அதில் விழாமல் போகலாம். அதனால் கணக்கு பிழையாகாது. சோறு பதம் பார்க்க ஒரு பருக்கை போதும், பானையைக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கிளறல்தான் வேலையிலேயே கஷ்டமானது. வயலின் ஒரு மூலையில் நின்று, பட்டியலில் உள்ள எண்ணின்படி நீளப் பக்கம் இத்தனை அடி, அகலப் பக்கம் இத்தனை அடி என்று நடப்போம். நடை எங்கே முடிகிறதோ அங்கே முளைக்கம்பு அடிப்போம். ஒருமுறை உறுகாமத்துப் பக்கம் அந்த முளை நேராக யானை உழக்கிப் போட்ட இடத்தில் விழுந்தது. பாதிக் கதிர் சேற்றில் கிடந்தது. வயல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அங்கால நல்லா நிக்குது, அதுல வெட்டுங்க, எங்கட ஊருக்குக் கெட்ட பேர் வரும்." நான் அங்கேயேதான் வெட்டினேன். அவர் நல்ல இடத்தைக் காட்டினார் என்று நான் அங்கே போனால், அடுத்தவர் நட்டஈடு கிடைக்கும் என்று கெட்ட இடத்தைக் காட்டுவார். அதற்கும் போக வேண்டி வரும்.

நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றோடு உரசி நிற்கும் ஒவ்வொரு நெற்குத்தையும் குனிந்து பார்க்க வேண்டும். அடி உள்ளே இருந்தால் உள்ளே, வெளியே இருந்தால் வெளியே. கதிர் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அது கணக்கில்லை. பிறகு அறுத்து, படங்கு விரித்து அடித்து, சுளகில் சப்பி (மணி பிடிக்காத நெல்) போகப் புடைத்து நிறுப்போம். கணக்குக்காகத் துண்டு 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டேயருக்கு அப்படி 400 துண்டு. அங்கே ஒரு கிலோ பிழைத்தால் ஹெக்டேயருக்கு 400 கிலோ பிழைக்கும். ஈரமும் அப்படித்தான். 22 வீத ஈரத்தோடு 12 கிலோ நிற்கும் நெல், 14 வீதத்துக்குக் காய்ந்ததும் 11 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். ஈரத்தைக் கழிக்காமல் விட்டால் ஹெக்டேயருக்கு 450 கிலோ இல்லாத நெல்லை நாட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவோம். இன்னொன்று வரப்பு. வரப்பில் நெல் விளையாது, ஆனால் ஏக்கருக்குள் வரப்பும் அடக்கம். அதனால்தான் வரப்போடு சேர்த்து மொத்தப் பரப்பு, வரப்பைக் கழித்துத் தேறிய பரப்பு என்று இரண்டு போடுவார்கள்.

இப்போது உங்கள் அப்பா சொன்னதில் சரியான பாதி. இந்த வேலையில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. ஒரு பெரும்போகத்தில் நான் போய்ச் சேர்வதற்கு முதல் நாள் அறுவடை மெசின் வந்து, தெரிவான வயலை வெட்டி முடித்துவிட்டது. கையால் வெட்டிய காலத்தில் நாள் முன்கூட்டியே தெரியும். மெசின் கிடைத்த நேரம்தான் இப்போது அறுவடை நாள். வயல்காரர் மூட்டைக் கணக்குச் சொன்னார். அதையே படிவத்தில் எழுதிவிடச் சொல்லி எனக்கு மேலே இருந்த ஒருவர் வற்புறுத்தினார். மூட்டை அளவா? ஒருவருடைய மூட்டை 60 கிலோ, இன்னொருவருடையது 70. நான் எழுதவில்லை, வெட்டப்படவில்லை என்று காரணம் போட்டு அனுப்பினேன். ஏச்சு வாங்கினேன். மற்ற எல்லாரும் அப்படிச் செய்தார்கள் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

யுத்த காலத்தில் பல வட்டைகளுக்கு (வயல்வெளிகளுக்கு) நாங்கள் போகவே முடியவில்லை. 2001 குடித்தொகை மதிப்பே 18 மாவட்டங்களில்தான் முழுதாக நடந்தது, மட்டக்களப்பு அதில் இல்லை. ஆளை எண்ண முடியாத இடத்தில் நெல்லை எண்ணியிருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த வருடங்களின் எண்ணைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பதினான்காயிரத்தில் ஒருவர் எழுதியது:

நான் கிராம உத்தியோகத்தர். நாட்டில் 14,022 பிரிவுகள், அதில் ஒன்று என்னுடையது. ஐயா சொன்ன பரப்புக் கணக்கு எங்கள் கையிலிருந்தும் கமநல சேவை நிலையத்து ஆட்களின் கையிலிருந்தும்தான் போகிறது. எல்லா வயலையும் அளக்க எங்களுக்கு நேரமில்லை, உண்மை. வயற்காணிப் பதிவேட்டைப் பார்த்து, வயல்வெளியைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையிடம் கேட்டு எழுதுகிறோம். பதிவேட்டில் காணிக்காரர் ஒரு பிரிவு, வயல் இன்னொரு பிரிவு, குத்தகைக்குச் செய்பவர் மூன்றாவது பிரிவு. ஒரே ஏக்கர் இரண்டு தரம் எழுதப்படும், அல்லது ஒருவரும் எழுதாமல் போகும். உர மானியம் ஏக்கர் கணக்கில் கொடுத்தால் மூன்று ஏக்கர் நான்காகச் சொல்லப்படும். ஏக்கர் வரி கேட்டால் நான்கு மூன்றாகும். என்னைக் கேட்டால் விளைச்சல் எண்ணை விடப் பரப்பு எண்தான் பலவீனம்.

பழைய அளவுகாரன்:

தம்பி சொன்னதற்கு மறுப்பே இல்லை. ஆனால் 2022 கதைக்கு இது முக்கியம், அதனால் சேர்த்துச் சொல்கிறேன். 2021 ஏப்ரல் கடைசியில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், நவம்பரில் எடுத்தார்கள், அதற்குள் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. 2020/21 பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னுக்கு மேல் விளைந்தது. 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சத்துக்குக் கீழே போனது. விதைத்த பரப்பில் பெரிய வித்தியாசமில்லை. கதிர்தான் மணி பிடிக்கவில்லை. பரப்புக் கணக்கு மட்டும் இருந்திருந்தால் எல்லாம் வழமை போல என்று தெரிந்திருக்கும். இந்த வீழ்ச்சியைக் காட்டியது அந்தச் சின்னத் துண்டுதான். இன்னொரு விடயம், 2022 என்று எழுதும் எண்ணில் 2021இல் விதைத்த பெரும்போகமும் 2022 சிறுபோகமும் சேர்ந்திருக்கும். சிறுபோகத்துக்கு டீசலுக்கும் தட்டுப்பாடு, உரத்துக்கும் தட்டுப்பாடு.

வட்டைக்காரி:

நன்றி ஐயா. அந்தப் பெரும்போகம் எங்களுக்கு வழமையின் பாதிதான். பயிர் மஞ்சளாகவே நின்றது, அப்பா வயல் வாடியிலிருந்து (காவல் குடிசையிலிருந்து) வீட்டுக்கு வரவே மாட்டேன் என்றார். சரி, வீட்டுத் தோட்டத்துத் தென்னை, கச்சான் (நிலக்கடலை) எல்லாம் எப்படி? அதையும் வெட்டி நிறுக்கிறார்களா?

பழைய அளவுகாரன்:

இல்லை மகள். நெல்லுக்குக் கிடைக்கும் கவனம் மற்றதற்குக் கிடையாது. தேங்காயைப் பெரும்பாலும் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள். வீட்டுச் செலவு ஆய்வில் வீட்டில் எத்தனை தேங்காய் உடைகிறது, ஆலைக்கும் ஏற்றுமதிக்கும் எவ்வளவு போகிறது என்று கூட்டி, அவ்வளவு காய்த்திருக்க வேண்டும் என்று எடுப்பது. கச்சான், மிளகாய், மரக்கறிக்குப் பெரும்பாலும் ஊர் மட்டத்து மதிப்பீடுதான். இதைச் சொல்ல எனக்குச் சந்தோசமில்லை, மேட்டுநிலப் பயிர் செய்கிறவன்தான் அதிகம் நட்டப்படுகிறவன்.

மறுமொழிக்காரன்:

2025 மார்ச் 15ஆம் திகதி பயிரை நாசமாக்கும் குரங்கு, மயிலை அவரவர் தோட்டத்தில் எண்ணச் சொல்லி அரசாங்கம் கேட்டதே, காலை 8.00 முதல் 8.05 வரை. ஐந்து நிமிடத்தில் என்ன எண்ணுவது?

பழைய அளவுகாரன்:

நேரம் குறைவாக வைத்ததற்கு நியாயம் உண்டு. குரங்கு நிற்காது, அரை மணித்தியாலம் கொடுத்தால் உங்கள் தோட்டத்தில் எண்ணியதே பக்கத்துத் தோட்டத்திலும் எண்ணப்படும். என் கவலை வேறு. எண்ணும் வேலையைப் பாதிக்கப்பட்டவரிடமே கொடுத்து, பிறகு ஒரு பகுதியைத் திரும்பப் போய்ச் சரி பார்க்காமல் விட்டால், அந்த எண்ணில் எவ்வளவு கோபம், எவ்வளவு குரங்கு என்று பிரிக்க முடியாது.

மகள், இந்தப் பெரும்போகத்தில் உங்கள் வட்டையில் எந்த வயலாவது தெரிவாகியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுப் பாருங்கள். தெரிவாகியிருந்தால் மெசின் வரும் நாளை இரண்டு நாள் முதலே அந்த உத்தியோகத்தருக்குச் சொல்லிவிடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், கயிறு பிடிக்க ஆள் வேண்டும்.

வட்டைக்காரி:

கேட்கிறேன் ஐயா. மெசின்காரர் அப்பாவின் மச்சான்தான், நாளை நானே சொல்லி வைக்கிறேன்.