குட்டுப்பாலாங் முகாமில் தொண்டை அடைப்பான்: ஒரு செவிலியரின் அனுபவம்

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரைப் பக்கங்களில் செவிலியர் படிப்பை முடித்துவிட்டு, வெளிநாட்டு நிவாரணப் பணிக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்கும் தங்கைகள் பலர் இருக்கிறார்கள். இடிந்த கட்டடங்களுக்கு நடுவே காயங்களுக்குக் கட்டுப் போடுவதுதான் அங்கே முழுநேர வேலை என்று அவர்களில் பெரும்பாலோர் நினைத்திருக்கிறார்கள். நிலநடுக்கம் நடந்த முதல் சில நாட்களுக்கு அது உண்மைதான். ஆனால் மக்கள் ஊரைவிட்டு ஓடிவந்து, ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தங்க நேரும்போது அவர்களைத் தாக்குபவை பெரும்பாலும் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தோறும் ஊசி போட்டுத் தடுத்துவிடுகிற நோய்கள்தாம். இதை நான் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் நேரில் பார்த்தேன்.

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை கடந்து வங்கதேசத்துக்குள் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் அந்த மாவட்டத்தின் குட்டுப்பாலாங் பகுதியில், மண் குன்றுகளின் சரிவில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு எழுப்பிய குடில்களில் தங்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் அங்கே தொண்டை அடைப்பான் பரவியது. டிப்தீரியா என்று பாடப்புத்தகத்தில் படித்த அந்த நோயை, பல ஆண்டு அனுபவமுள்ள வெளிநாட்டு மருத்துவர்கள் சிலரே முதன்முறையாக அங்கேதான் கண்டார்கள். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். தொட்டால் இரத்தம் கசியும். கழுத்து வீங்கி, தாடையும் தோளும் ஒன்றாகிவிட்டதுபோல் தோன்றும். மூச்சுக்குழாய் அடைபடுவது ஒரு ஆபத்து என்றால், கிருமி வெளியிடும் நச்சு இதயத்தையும் நரம்புகளையும் தாக்குவது இன்னொரு ஆபத்து.

அந்த நச்சை முறிக்கும் மருந்தைக் குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கிறார்கள். உலகம் முழுவதிலும் அதன் கையிருப்பு குறைவு என்பதால், யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியாகப் பார்த்து முடிவு செய்தார்கள். குதிரைச் சீரம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே முதலில் மிகச் சிறிய அளவு கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்து இன்னும் சற்று அதிகம் கொடுத்து, உடல் ஏற்றுக்கொண்டால் மட்டுமே மீதியைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க, செவிலியர் அந்தப் படுக்கையைவிட்டு நகரவே கூடாது.

எட்டு வயதிருக்கும் ஒரு சிறுவனுக்கு அப்படி மருந்து ஏற்றிய இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாய் கைக்குழந்தையோடு குடிலில் இருக்க, அவனுடைய அக்காள் மட்டும் முகக்கவசத்துடன் உடன் வந்திருந்தாள். மருந்து ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே அவனது வயிற்றிலும் கையிடுக்கிலும் சிவந்த தடிப்புகள் எழுந்தன, இருமலும் தொடங்கியது. மருந்தை நிறுத்திவிட்டுத் தொடையில் அட்ரினலின் போட்டு, மருத்துவரை அழைத்தேன். அவன் தேறிய பிறகு, அவர் சொன்னபடி இன்னும் மெதுவான வேகத்தில் மீண்டும் ஏற்றினோம். அந்தப் பெண்ணின் உள்ளங்கையை அவன் மார்பின் மேல் வைத்து, மூச்சு ஏறி இறங்குவதை எண்ணக் கற்றுக்கொடுத்தேன். என் மொழி அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் விடியும்வரை அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. சில நாட்களில் படலம் உரிந்து அவன் பேசத் தொடங்கினான். இதயப் பாதிப்பு பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலோ அதற்குப் பிறகோதான் தலைகாட்டும் என்பதால், ஓடக் கூடாது, படியேறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். ஆகவே கழிப்பறைக்குக்கூட அக்காள்தான் அவனை இடுப்பில் தூக்கிச் சென்றாள். விளையாடும் வயதுப் பிள்ளையைக் கட்டிலில் நிறுத்திவைப்பதும் மருந்து கொடுப்பதற்குச் சமமான வேலைதான்.

அவனுக்குப் பிறந்ததிலிருந்து ஒரு தடுப்பூசிகூடப் போடப்படவில்லை. ராக்கைனில் அந்த மக்களுக்கு வழக்கமான தடுப்பூசிகள் சரிவரக் கிடைக்கவில்லை என்பதே அந்தப் பரவலுக்கு மூல காரணம். நம் நாட்டில் 6, 10, 14 வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே இந்த நோய்க்கான பாதுகாப்பும் இருக்கிறது. ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் அதை மீண்டும் ஊக்குவிக்கிறோம். 2017 டிசம்பரில் முகாமில் ஆறு வாரக் குழந்தை முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. அப்போது குடில்வாசலில் தாய்மார் கேட்ட கேள்வியை நான் அரூர் பக்கத்துச் சித்தேரி மலையிலேயே கேட்டிருக்கிறேன். "நர்சம்மா, ஊசி போட்டா கொழந்த ராத்திரியெல்லாம் அனத்துதே" என்பார்கள். அந்த மலையில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை அழைத்துச் சென்ற மூத்த கிராம சுகாதார செவிலியர் அதற்கு வாதாடமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த கூழைக் குடித்து, ஊசி போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே வீட்டுக்குப் போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்த தவணைக்குத் தாயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார். முகாமிலும், சிட்டகாங் பக்கத்துப் பேச்சு மொழி தெரிந்த உள்ளூர்த் தன்னார்வலர்களை மறுநாள் அதே குடில்களுக்கு அனுப்பியபோதுதான் தயங்கியவர்கள் வந்தார்கள். அந்தத் தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வந்த எங்களால் ஒரு வரிசையைக்கூட நகர்த்தியிருக்க முடியாது.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டி, சாலையில் நின்ற வாகனங்களையே வெள்ளம் அடித்துச் சென்றபோது, மருத்துவ முகாமில் நானும் உதவினேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், குளோரின் கலந்த குடிநீர், காலில் கிழித்த காயங்களுக்கு ரணஜன்னித் தடுப்பூசி என்று வேலை நடந்தது. ஒரு தாய் தன் குடும்ப அட்டையோடு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் பாலித்தீன் உறையில் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை அவரிடமே சொன்னேன்.

ஆகவே போக விரும்புகிறவர்களுக்கு என் கருத்து இது. முதலில் தடுப்பூசி, பிரசவம், வயிற்றுப்போக்கு மூன்றையும் கையாளும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு ஆண்டுகளாவது வேலை பாருங்கள். மலைக்கிராமப் பணி கிடைத்தால் தட்டிக்கழிக்காதீர்கள். ஆங்கிலத்தோடு பிரெஞ்சு ஓரளவு தெரிந்தால் காங்கோ, சாட், ஹைட்டி போன்ற நாடுகளுக்கு வாய்ப்பு கூடும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லும் என்பதால், பயணத் தேதி முடிவாகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போய்விடுங்கள்.